பட்டிப்பொலவிலிருந்து அங்கொடைக்கு

இலங்கையின் அகலப்பாதை ரயில் நிலையங்களில் மிக உயரத்தில் இருப்பது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 1,891 மீட்டர். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம் என்றுதான் இன்று வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியும். நானுஓயாவரை 1885இலும் அப்புத்தளைவரை 1893இலும் இந்த ரயில்பாதை வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவும், அரிசி மூட்டைகளையும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களையும் மேலே ஏற்றவும் போட்ட பாதை. அதே பாதையில் வேறொரு வகைப் பயணியும் கீழே இறங்க வேண்டியிருந்தது. நீதிமன்றக் கட்டளையோடு, காவலோடு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்த மனநோயாளி.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் வாய்ச்சண்டை முற்றினால் "ஒன்னைய அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்ற பேச்சு வந்து விழும். மனநோய் மருத்துவமனை என்றால் தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம் எப்படியோ, இலங்கையில் அங்கொடை அப்படி. ஏச்சாகிவிட்ட அந்த மதில்களுக்குள் நோயாளிகளுக்கு என்ன நடந்தது, கொடுத்த சிகிச்சைகளில் எது உண்மையிலேயே வேலை செய்தது என்று கேட்பவர் குறைவு. மனநல மருத்துவத்தின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாகச் சொல்வது வழக்கம். காலனிக் காலத்தைப் பொறுத்தவரை அதைச் சோறு, தண்ணீர், இடம், பேச்சுத்துணை, வீட்டுக்கும் கட்டிலுக்கும் இடையில் கிடந்த தூரம் ஆகியவற்றின் வரலாறாகச் சொன்னால்தான் யார் பிழைத்தார், யார் மாண்டார் என்பது விளங்கும். இதுதான் என் கட்சி.

தோட்டத்திலிருந்தே தொடங்குவோம். 1890களின் ஒரு லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில் ஒரு குடும்பம். அதில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளாகக் கண் மூடவில்லை. பேச்சு தடம் மாறுகிறது. இது என் பிள்ளை இல்லை, யாரோ மாற்றிவிட்டார்கள் என்கிறாள். நடுச்சாமத்தில் கதவைத் திறந்துகொண்டு பனியில் மலைக்கு ஓடுகிறாள். இன்றைய உளமருத்துவர் இதைக் கேட்டதுமே பிரசவத்துக்குப் பிந்திய உளப்பிறழ்வு என்று சந்தேகிப்பார். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் வெடிப்பது. உடனே கவனித்தால் பெரும்பாலோர் முழுமையாகத் தேறிவிடும் நோய். அன்று அவளைப் பார்த்த கண்கள் வேறு. "பச்ச ஒடம்பு, காத்துக் கருப்பு அண்டிருச்சு, கோடாங்கியக் கூப்பிடுங்க" என்பார்கள் லயத்துக் கிழவிகள். உடுக்கு அடிக்கப்படும். மாடசாமிக்கோ ரோதைமுனிக்கோ நேர்த்தி வைக்கப்படும். கங்காணிக்குத் தெரிவது காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டில் ஓர் ஆள் குறைவு. துரைக்குத் தெரிவது வருகைப் பதிவான செக்ரோலில் பெயர் விழவில்லை என்பது. 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் வந்திருந்தது உண்மைதான். ஆனால் தோட்ட டிஸ்பென்சரியில் கொயினாவும் விளக்கெண்ணெயும் கிடைத்தன. பித்துக்கு மருந்து கிடைக்கவில்லை.

அடுத்த கட்டம் சட்டம். இலங்கையில் சித்தசுவாதீனம் இல்லாதவர்களைப் பற்றிய முதல் கட்டளைச் சட்டம் 1839இல் வந்தது. அதை விரித்து 1873இல் இன்னொன்று இயற்றினார்கள். 1956இல் அதன் பெயரும் சில பிரிவுகளும் மாறின. எலும்புக்கூடு அந்த 1873தான். அதன்படி நோயாளி முதலில் போய் நிற்க வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம். நீதிபதி விசாரிப்பார், மருத்துவரின் வாக்குமூலத்தைக் கேட்பார், தேவையென்றால் சிறிது காலம் அவதானிப்பில் வைக்கச் சொல்வார், பிறகு தீர்ப்புப்போல் ஒரு கட்டளை. காய்ச்சல்காரர் மருத்துவரிடம் போகிறார். மனநோயாளி குற்றவாளியைப்போல் கோர்ட்டுக்குப் போகிறார். ஊருக்கு ஆபத்து வராமல் தடுப்பதே இந்த ஏற்பாட்டின் முதல் கவலை என்பதால் அது பிடித்த நோயாளிகளும் ஒரு ரகமாகவே இருந்தார்கள். கூச்சல் போட்டவரும் கல்லெறிந்தவரும் கொழும்புக்குப் போனார்கள். சத்தமில்லாமல் சுருண்டு கிடந்தவர்கள் காம்பராவிலேயே கிடந்தார்கள்.

கொழும்பில் என்ன இருந்தது? தொடக்கத்தில் ஒன்றுமில்லை. ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் கட்டிய தொழுநோய் மருத்துவமனையில் மனநோயாளிகளையும் சேர்த்து அடைத்தார்கள். 1847இல்தான் பொரளையில் தனிப் புகலிடம் எழுந்தது. அது நிரம்பி வழிந்ததால் 1880களில் கறுவாத்தோட்டத்தில், ஜாவத்தை வீதிப் பக்கம், இன்னொன்றைக் கட்டினார்கள். அதுவும் நிரம்பியது. அந்த ஜாவத்தைக் கட்டடம்தான் இன்று சுதந்திர சதுக்கத்துக்கு அருகே வெள்ளை வெளேரென்று நிற்கும் கடைத்தொகுதி. உடுப்புக்கடையும் கோப்பிக்கடையும் உள்ள அந்த நீண்ட தாழ்வாரத்தில் ஒருகாலத்தில் யார் உலவினார்கள் என்று அங்கே படம் பிடித்துக்கொள்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. கடைசியாக 1926இல் அங்கொடை. ஏறத்தாழ 1,700 கட்டில்களுக்கெனத் திட்டமிட்ட பெரிய வளாகம். அதுவும் சீக்கிரமே பிதுங்கியது. கட்டக் கட்ட நிரம்புவது ஏன் என்ற கேள்விக்குப் பதில் எளிது: உள்ளே வரப் பாதை இருந்தது, வெளியே போகப் பாதை இல்லை. குணமானவரைக் கூட்டிப்போகத் தோட்டத்திலிருந்து யார் வருவது? ஒரு நாள் சம்பளம் போனால் அடுப்பெரியாத வீட்டிலிருந்து கொழும்புக்கு யார் ரயில் ஏறுவது?

சென்னையின் கதை இதைவிட மூத்தது, இதைவிட வினோதமானது. 1794இல் வாலன்டைன் கொனொலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அறுவைமருத்துவர் சென்னையில் ஒரு வீட்டை மனநோயாளர் இல்லமாக்கி அதைக் கம்பெனிக்கே மாத வாடகைக்கு விட்டார். ஒருசில நோயாளிகளுக்கான இடம். வாடகையோ மாதம் 825 வராகன். அவருக்குப் பின் ஃபிட்ஸ்ஜெரால்ட், அவருக்குப் பின் டால்டன் என்று கைமாறி, ஊருக்குள் 'டால்டன் ஆஸ்பத்திரி' என்றே பெயர் பெற்றது. பைத்தியத்திலும் குத்தகை பார்த்த காலம். அரசே பொறுப்பேற்றுக் கீழ்ப்பாக்கத்தில் விரிந்த தோட்டத்துக்குள் புகலிடத்தைத் திறந்தது 1871இல். முதலில் வந்து சேர்ந்தவர்கள் 145 பேர்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பெனியின் ஐரோப்பிய ஊழியருக்குப் புத்தி பேதலித்தால் பெரும்பாலும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஹாக்னியில் 1818 முதல் அதற்கென்றே பெம்புரோக் இல்லம் இருந்தது. பிறகு 1870 முதல் 1892 வரை ஈலிங்கில் ஒரு புகலிடம். சொந்த மண், சொந்த மொழி, சொந்த மனிதர்கள் இருந்தால் மனம் தேறும் என்ற அறிவு ஆட்சியாளருக்கு இல்லாமல் இல்லை. வெள்ளைத் தோலுக்கு மட்டும் அதைச் செலவு செய்தார்கள்.

உள்ளே நடந்த சிகிச்சைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகலிடங்களின் கொள்கை ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1790களில் பாரிஸில் பினெல், இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர் வணிகர் வில்லியம் டியூக் ஆகியோர் சங்கிலியைக் குறைத்து, அன்பான நடத்தை, ஒழுங்கான அன்றாடம், கைவேலை ஆகியவற்றை மருந்தாக முன்வைத்தார்கள். 1839இல் லண்டன் பக்கத்து ஹான்வெல்லில் ஜான் கொனொலி கட்டிப்போடுவதையே நிறுத்திக்காட்டினார். சென்னைக் கொனொலிக்கும் இவருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொள்கை நல்ல கொள்கை. யார்க்கில் முப்பது பேருக்குச் செய்ததை ஆயிரம் பேர் அடைந்த கூடத்தில் செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். கப்பலேறி வந்தபோது அதில் தப்பிப் பிழைத்தது கைவேலை ஒன்றே. தோட்டம் கொத்துதல், நெசவு, கயிறு திரித்தல். சும்மா இருப்பதைவிடக் கை அசைவது மனத்துக்கு நல்லது என்பதை இன்றைய தொழில்வழிச் சிகிச்சையும் ஒப்புக்கொள்ளும். ஆனால் காலனி நிர்வாகத்துக்கு அந்த வேலையில் வேறொரு கணக்கும் இருந்தது: புகலிடத்தின் செலவு குறையும். கொழுந்து பறிக்க முடியாமல் போனதால் பைத்தியம் என்று அனுப்பப்பட்டவர் கயிறு திரிக்கத் தொடங்கியதும் தேறிவிட்டார் என்று எழுதப்படுவதில் மருத்துவம் எவ்வளவு, வரவுசெலவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மருந்து என்று இருந்ததெல்லாம் அடக்கும் மருந்து. புரோமைடு உப்புகள், 1869 முதல் குளோரல் ஹைட்ரேட், 1882 முதல் பாரால்டிஹைடு. கடைசியாகச் சொன்னது தூக்கத்தைக் கொடுக்கும், ஆளையும் அவ்வளவு எளிதில் கொல்லாது. குறை ஒன்றே. அதன் ஒரு பகுதி மூச்சுக்காற்று வழியாக வெளியேறும். ஐம்பது பேருக்கு இரவில் கொடுத்தால் காலையில் கூடமே குமட்டும் நெடியில் மூழ்கியிருக்கும். பழைய மனநல மருத்துவமனைகளில் வேலை பார்த்த தாதியர் உலகமெங்கும் நினைவில் வைத்திருந்த நெடி அது. மாயக்குரலையோ பயத்தையோ துக்கத்தையோ இந்த மருந்துகள் தொடவில்லை. நோயாளி தூங்கினார், எழுந்தார், அதே குரல்களைக் கேட்டார்.

ஆக, சாவைத் தீர்மானித்தது எது? வயிற்றுப்போக்கு, காசநோய், வாந்திபேதி, பட்டினியை ஒட்டிய நோய்கள். காலனிப் புகலிடங்களில் ஆட்களைக் கொன்றவை பெரும்பாலும் இவைதான். மனநோய் நேரடியாகக் கொன்றது குறைவு. இதை வேறெதையும்விடக் கூர்மையாகக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று கோலாலம்பூரில் நடந்தது. தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதால் சற்று நின்று சொல்லத் தோன்றுகிறது.

மலாயாவின் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் அந்நாளில் பெரிபெரி பெருங்கொள்ளை. கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தடுமாறும், கடைசியில் இதயம் நின்றுவிடும். சீனத் தொழிலாளர்கள் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. பிராடன் என்ற மருத்துவர் இருவரின் சட்டியையும் எட்டிப் பார்த்தார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. நோய் சோற்றிலிருந்து வருகிறது என்றார் அவர். பலர் நம்பவில்லை. நோய் கிருமியால் வருகிறது, கட்டடத்தின் தரையிலும் சுவரிலும் ஒட்டியிருக்கிறது என்பதே பெரும்பான்மைக் கருத்து.

வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூரின் மாவட்ட மருத்துவர். அங்கிருந்த மனநோயாளர் புகலிடத்தில் 1905இல் பெரிபெரி தலைவிரித்தாடியது. அரிசிக் கதையை அவரும் முழுதாக நம்பியவர் அல்லர். சோதித்தே பார்த்துவிடுவோம் என்று இறங்கினார். உயர்ந்த மதிலுக்குள், நடுமுற்றத்தின் இருபக்கமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இரண்டு கூடங்கள். 1905 டிசம்பரில் ஒருநாள் நோயாளிகள் எல்லோரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி இடமிருந்து எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் கிழக்குக் கூடத்துக்கு; அவர்களுக்குப் பழைய தீட்டிய அரிசியே. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குக் கூடத்துக்கு. அவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. கறி, மீன், உப்பு, உடுப்பு எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். புதிதாகச் சேர்ந்தவர்களையும் மாறி மாறிப் பிரித்தார்கள். கட்டடத்தில்தான் நோய் ஒட்டியிருக்கிறதோ என்ற ஐயம் தீர, பாதியில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றியும் பார்த்தார்.

ஒரு வருட முடிவில் கணக்கு வெட்டவெளிச்சம். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 120 பேர். தீட்டிய அரிசி தின்றவர்களில் முப்பதுக்கு மேற்பட்டோருக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் செத்தார்கள். புழுங்கலரிசி தின்றவர்களில் நோய் கண்டவர்கள் இரண்டே பேர், அவர்களும் உள்ளே வரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு ஒன்றுகூட இல்லை. 1907இல் லான்செட் இதழில் இந்த முடிவு வெளியானது. மருத்துவ உலகின் தொடக்ககால ஒப்பீட்டுச் சோதனைகளில் ஒன்றாக இன்றும் பாடம் நடத்தப்படுகிறது.

நம் பாட்டிமார் செய்த வேலையின் ரகசியம் இது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள உயிர்ச்சத்து பி1 கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். பச்சையாகத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். இந்தச் சத்தை ஜாவாவில் தவிட்டிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தது 1926இல், அங்கொடை திறந்த அதே ஆண்டில். இன்னொன்றும் உண்டு. இந்தச் சத்துக் குறைந்தால் கால் மட்டும் போவதில்லை, மூளையும் குழம்பும். ஞாபகம் தப்பும், இடம் பொருள் தெரியாது. புத்தி தடுமாறியவரை உள்ளே அடைத்து, அந்தப் புத்தியை மேலும் தடுமாற வைக்கும் சோற்றைப் போட்டிருக்கிறார்கள்.

ஃபிளெட்சரைப் பாராட்டுவதா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. சோதனையின் அமைப்பு அபாரம். ஆனால் வரிசையில் நின்று எண் சொன்ன யாரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. ஒரு கூடத்தில் ஆட்கள் விழத் தொடங்கிய பிறகும் சோறு மாறவில்லை. வெளியே உள்ளவர்களை இப்படி நிற்கவைத்துப் பிரித்திருக்க முடியுமா? புகலிடத்துக்குள் இருந்ததால்தான் அவர்கள் எண்களானார்கள். அந்தப் 18 பேரின் சாவில் விளைந்த அறிவுதான் பிறகு பல்லாயிரம் உயிர்களைக் காத்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1917 முதல் கதை வேகம் எடுக்கிறது. வியன்னாவில் வாக்னர்-யவ்ரெக், மேகநோய் மூளையைத் தாக்கிப் பைத்தியமாக்கியவர்களுக்கு மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே ஏற்றினார். காய்ச்சலின் சூட்டில் சிலர் தேறினார்கள். 1927இல் நோபல் பரிசு. பிறகு 1933இல் சாகெல் இன்சுலினை அளவுக்கு மீறிச் செலுத்தி நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி எழுப்பினார். 1934இல் மெதுனா கார்டியசோல் ஊசியால் வலிப்பை வரவழைத்தார். 1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் மின்சாரத்தால் அதே வலிப்பைக் கொண்டுவந்தார்கள். மின்னதிர்ச்சி முறை 1940களில் இலங்கைக்கும் வந்துவிட்டது. திரைப்படங்கள் காட்டும் கொடூரமெல்லாம் மயக்கமருந்து இல்லாமல் செய்த அந்தக் காலத்துக்குப் பொருந்தும். மயக்கமருந்தும் தசைத்தளர்ச்சி மருந்தும் கொடுத்து இன்று செய்யப்படும் முறை கடும் மனச்சோர்வுக்கும், முன்னே சொன்ன பிரசவத்துக்குப் பிந்திய உளப்பிறழ்வுக்கும் மிக வேகமாகப் பலன் தரும் சிகிச்சைகளில் ஒன்று. அந்தப் பட்டியலில் அறிவியல் சோதனையைத் தாண்டி நின்றது இது ஒன்றுதான்.

இன்சுலின் மயக்கத்தின் கதிதான் எனக்குப் பெரிய பாடம். இருபது வருடங்களுக்கு மேல் உலகமெங்கும் அதைச் செய்தார்கள். தனிக்கூடம் ஒதுக்கினார்கள். நோயாளி ஆழ்மயக்கத்துக்குப் போகும்போது செத்துவிடலாம் என்பதால் தாதியர் கட்டிலைவிட்டு நகரவே முடியாது. மயக்கத்திலிருந்து எழுப்பச் சர்க்கரைக் கரைசல், பிறகு நல்ல சாப்பாடு. கையைப் பிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தினமும் இப்படி வாரக்கணக்கில். நோயாளிகள் தேறினார்கள். இன்சுலின் வென்றது என்றார்கள். 1957இல் இங்கிலாந்தில் ஆக்னர் குழுவினர் ஓர் எளிய காரியம் செய்தார்கள். பாதிப் பேருக்கு இன்சுலின் மயக்கம், மீதிப் பேருக்கு வேறொரு தூக்கமருந்தால் மயக்கம். பராமரிப்பு இருவருக்கும் ஒன்றே. இரு சாராரும் ஒரேமாதிரி தேறினார்கள். இன்சுலினுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. இரண்டாயிரம் பேர் அடைந்த மருத்துவமனையில் முதன்முறையாக ஒரு மனிதரைப் பெயர்சொல்லிக் கூப்பிட ஆள் வைத்தார்கள், வயிறாரச் சோறு போட்டார்கள். பலனைக் கொண்டுபோய் ஊசியின் கணக்கில் வரவு வைத்தார்கள்.

அங்கொடைக்கு 1937இல் ஒரு வெளியாள் வந்தார். லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் தலைவர் எட்வர்ட் மாப்பதர். இலங்கை அரசு அழைத்து வந்தவர். அடுத்த ஆண்டு அவர் கொடுத்த அறிக்கை நெரிசலையும், பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாததையும் தயவு தாட்சணியமின்றிச் சுட்டிக்காட்டியது. இன்னும் பெரிய புகலிடம் கட்டுவது தீர்வல்ல, பொது மருத்துவமனைகளிலேயே வெளிநோயாளர் பிரிவைத் திறவுங்கள், இளம் மருத்துவர்களைப் பயிற்றுங்கள் என்பது அதன் சாரம். 1939இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் அந்தப் பிரிவு தொடங்கியது. நோயாளி கோர்ட்டுக்குப் போகாமல், ஒரு துண்டு வாங்கி வரிசையில் நின்று வைத்தியரைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். இலங்கை மனநல மருத்துவத்தில் எந்த ஊசியையும்விடப் பெரிய கண்டுபிடிப்பு இதுவென்பேன். பட்டிப்பொலக்காரருக்கு மட்டும் அது கொழும்பிலேயே இருந்தது.

பிறகு வந்தவை மாத்திரைகள். சர்ப்பகந்தி வேரில் பித்தைத் தணிக்கும் குணம் உண்டென்று 1931இலேயே கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் எழுதினார்கள். அதிலிருந்து ரெசர்பினைச் சுவிஸ் கம்பெனி பிரித்தெடுத்தது 1952இல். அதே ஆண்டு பாரிஸில் குளோர்புரோமசின். குரல்களை உண்மையாகவே தணித்த முதல் மருந்துகள் இவை. பக்கவிளைவால் ரெசர்பின் பின்தங்க, மற்றது நிலைத்தது. கீழ்ப்பாக்கத்தில் 1961இல் கண்காணிப்பாளர் பொறுப்பேற்ற சாரதா மேனன் மருந்தோடு வெளிநோயாளர் பிரிவையும் தொழிற்பயிற்சியையும் சேர்த்து வளர்த்தார். ஓய்வுக்குப் பின் 1984இல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் நோயாளியின் வீட்டாரையும் சிகிச்சைக்குள் இழுத்தது.

வீட்டார் என்றதும் கோயில் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசுவாமி கோயிலுக்கு மனநோயாளிகளை அழைத்துவந்து தங்கவைக்கும் வழக்கம் உண்டு. கட்டணம் இல்லை, கூட ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும், சிறு வேலைகள் செய்யலாம். பெங்களூர் நிமான்ஸ் மருத்துவர் ரகுராம் குழுவினர் அங்கே தங்கிய 31 பேரை வந்தபோதும் போகும்போதும் அளவிட்டார்கள். சில வாரத் தங்கலில் நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறத்தாழ இருபது விழுக்காடு குறைந்திருந்தது. பல மருந்துகள் காட்டும் முன்னேற்றத்துக்கு அது நிகர் என்று 2002இல் எழுதினார்கள். ஒப்பிட இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு. சாமிக்கு மருந்தைவிடச் சக்தி என்று இதைப் படிக்கக் கூடாது. மிரட்டாத இடம், கூடவே ஒரு சொந்தக்காரர், கைக்கு ஒரு வேலை. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் யார்க்கில் சொன்னவற்றுக்கு நெருக்கமான இந்த மூன்றும் கோயில் திண்ணையில் கிடைத்திருக்கின்றன. அந்த மூன்றையும் எடுத்துவிட்டுச் சங்கிலியை மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். கோடாங்கியைக் குறைசொல்லும் முன், மாற்று எத்தனை மைல் தொலைவில் வைக்கப்பட்டிருந்தது என்று கேட்பது நியாயம். பேயோட்டுபவர் லயத்து வாசலுக்கே வந்தார்.

அங்கொடை 2008 முதல் தேசிய மனநல நிறுவகம். ஆனால் மலையகத்து நோயாளி முதல் வேலையாகக் கொழும்புக்கு ரயில் ஏற வேண்டிய காலம் போய்விட்டது. நுவரெலியா போன்ற மாவட்ட மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனையில் காசு வாங்குவதில்லை. மாதமொருமுறை போடும் ஊசியாகவும் மருந்து கிடைக்கிறது. மீதமிருக்கும் தடைகள் பழையவைதான். கிளினிக் நாளில் பெயர் போட முடியாமல் போகும் சம்பளம். தமிழில் மனம்விட்டுப் பேச ஆள் கிடைக்காத மேசை. குரல் நின்றுவிட்டதென்று மாத்திரையை நாமே நிறுத்திவிடும் வழக்கம். முதல் தடையைத் தோட்ட நிர்வாகம் நினைத்தால் ஒரு கையெழுத்தில் நீக்கலாம்: கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைய பெயரைப் போடுங்கள். இரண்டாவது அரசின் கடமை. மலையகத்தில் தமிழ் தெரியாத மனநலப் பிரிவு, கண் தெரியாமல் வாசிக்கப் போவதுபோல். மனநோயாளியின் பேச்சுதான் அங்கே பரிசோதனை.

மூன்றாவது நம் கையில்: மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ வைத்தியரின் சொல்லோடு மட்டும். இன்னொன்றும் நம் கையில்தான். பிரசவித்த பெண் உறங்காமல், சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நேர்த்திக்கடனைப் பிறகு செலுத்திக்கொள்ளலாம். மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ வைத்தியரின் சொல்லோடு மட்டும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண் 1926. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று கேட்டுப் பேசுங்கள்.